வரிசைக்கு எட்டு: தாத்தாவின் கணக்கு நோட்டை ஃபைல் மேனேஜரில் சரிபார்த்த அனுபவம்

அம்மாவைப் பெற்ற தாத்தா எழுதிய கணக்கு நோட்டுகள் ஏழு எங்கள் வீட்டுப் பரணில் இருந்தன. எல்லாமே 192 பக்கம் கொண்ட கோடு போட்ட நோட்டு. அம்பாசமுத்திரம் பக்கம் கொஞ்சம் நெல் வயல், கொஞ்சம் வாழை. அதற்கான கூலி, உரம், யாருக்கு எத்தனை கோட்டை நெல் போனது, யார் எவ்வளவு திருப்பித் தந்தார்கள் என்று நாள்வாரியாக நீல மையில் எழுதி, ஒரு கணக்கு தீர்ந்ததும் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு கிழித்திருப்பார். அந்தச் சிவப்புக் கோடு இல்லையென்றால் கடன் இன்னும் நிற்கிறது என்று அர்த்தம். ஒரு நோட்டின் மூலையைக் கரையான் தொட்டுவிட்டதாக அம்மா சொன்னதும், இனித் தள்ளிப்போட முடியாது என்று தீபாவளி லீவில் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

ஸ்கேன் செய்வது கை வேலை, ஒரு நாளில் பழகிவிடும். செய்து முடித்தது முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. அதற்கு நான் பயன்படுத்தியது ஃபைல் மேனேஜரை மட்டும்தான், அதிலும் வியூ மெனுவில் இருக்கும் மூன்று வகைக் காட்சியை. வருஷக்கணக்கில் அந்த மெனுவை நான் சீண்டியதே இல்லை. ஐகானாகத் தெரிந்தால் என்ன, பட்டியலாகத் தெரிந்தால் என்ன, ஃபைல் ஃபைல்தானே என்று இருந்தவன். இந்த மூன்றாம் நோட்டு அந்த எண்ணத்தை முழுக்க மாற்றிவிட்டது. ஒரு காட்சியில் கண்ணுக்கே படாத தப்பு இன்னொன்றில் எடுத்த எடுப்பில் தெரிகிறது, அதனால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். வீட்டில் பழைய நோட்டு, கடிதம், பத்திரம் என்று எதையாவது ஸ்கேன் செய்யப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் என்னிடம் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம், சின்னமன் என்ற டெஸ்க்டாப். அதில் வரும் ஃபைல் மேனேஜர் பெயர் நீமோ. 2012-இல், குனோம் என்ற இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜரான நாட்டிலஸிலிருந்து பிரிந்து வந்தது. அந்த வருஷம் வந்த நாட்டிலஸ் 3.6-இல் காம்பாக்ட் வியூவையும், எஃப்3 அடித்தால் ஜன்னல் இரண்டாகப் பிரியும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். நீமோவில் இரண்டும் இன்றுவரை இருக்கின்றன, இரண்டும் எனக்குத் தேவைப்பட்டன. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு 1 அடித்தால் ஐகான் வியூ, 2 அடித்தால் லிஸ்ட் வியூ, 3 அடித்தால் காம்பாக்ட் வியூ.

ஸ்கேன் செய்ய எடுத்தது ஸ்கேன்இமேஜ் என்கிற டெர்மினல் நிரல், அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்து ஓட்டுவது. லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்கும் சேன் என்ற தொகுப்போடு வருவது. ஒவ்வொரு பக்கத்துக்கும் என்டர் அடிக்கச் சொல்லி நிற்கும்படி அதை ஓட்டலாம்: பக்கத்தைத் திருப்பிக் கண்ணாடியில் வைத்து என்டர் அடித்தால் போதும், ஃபைலுக்குத் தானே எண் போட்டுச் சேமித்துவிடும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), கலர், சுருக்காத டிஃப் என்ற பட வடிவம் என்று வைத்துக்கொண்டேன். நோட்டு ஏ4-ஐவிடச் சிறியதுதான், ஆனாலும் ஓரத்தில் தாத்தா எழுதியது எதுவும் வெட்டுப்படக் கூடாது என்று ஏ4 கண்ணாடி முழுவதையும் எடுத்தேன். அப்படியென்றால் ஒரு பக்கத்துக்கு 2480 × 3508 புள்ளிகள், புள்ளிக்கு மூன்று பைட், ஆக 26 எம்பி. ஒரு நோட்டுக்கு 5 ஜிபி, ஏழுக்கும் சேர்த்து 35 ஜிபி. ஒரு சின்ன எக்ஸ்டர்னல் டிஸ்கில் தாராளமாக அடங்கும்.

மூன்றாம் நோட்டை முடித்ததும் ஃபோல்டரைத் திறந்து கீழே ஸ்டேட்டஸ் பாரைப் பார்த்தேன். 192 ஃபைல். நோட்டில் 192 பக்கம். கணக்கு நேராகிவிட்டது என்று நம்பி, ஒவ்வொரு டிஃப்பிலிருந்தும் ஒரு ஜேபெக் நகல் எடுத்து, எல்லா ஜேபெக்கையும் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்து, மதுரையில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பினேன். ராத்திரி போன் வந்தது.

“மாப்ளே, முதல் பக்கம் நல்லா இருக்கு. அடுத்து எடுத்தவுடனே பத்தாம் பக்கத்துக்குப் போயிட்டே. ரெண்டாம் பக்கம் எங்க?”

ரெண்டாம் பக்கம் பிடிஎஃப்பில் 105-ஆவதாக இருந்தது. காரணம் ஃபைல் பெயர். ஸ்கேன்இமேஜிடம் எண்ணை எத்தனை இலக்கத்தில் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அதனால் அது பக்கம்1, பக்கம்2 என்று தொடங்கி பக்கம்192 வரை போட்டுவிட்டது. நீமோ இப்படிப்பட்ட பெயர்களை மனிதர் எண்ணுவதுபோல அடுக்கும்: 1, 2, 3 என்று போய் 9-க்கு அப்புறம் 10. ஆகவே திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஆனால் டெர்மினலில் எல்லா ஃபைலையும் மொத்தமாகக் கொடுக்கும்போது அடுக்கு எழுத்து எழுத்தாக நடக்கும். 1-இல் தொடங்கும் எல்லாம் முதலில்: 1, 10, பிறகு 100 முதல் 109, பிறகு 11, அப்படியே போய் 19, 190, 191, 192 முடிந்த பிறகுதான் 2. ஒன்றில் தொடங்கும் எண்கள் 192-க்குள் 104 இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள். ஃபைல் மேனேஜர் நமக்கு வசதி செய்து தருவது நல்லதுதான், ஆனால் அது காட்டும் வரிசைதான் எல்லா இடத்திலும் இருக்கும் வரிசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெயரைத் திருத்துவது சுலபம் என்று நினைத்தேன். 001, 010 என்று மூன்று இலக்கமாக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஒரு தடவை பக்கங்களைப் பார்த்துவிடலாம், தப்பான பக்கத்துக்குச் சரியான பெயர் வைத்துப் பயனில்லையே என்று ஐகான் வியூவுக்குப் போனேன்.

போனால் படமே இல்லை. 192 ஃபைலுக்கும் ஒரே மாதிரியான பொது ஐகான். ஜேபெக் ஃபோல்டரில் பக்கங்கள் குட்டிப் படமாகத் தெரிகின்றன, டிஃப் ஃபோல்டரில் தெரியவில்லை. டிஃப்பை இது படிக்காதோ என்று ஒன்றை இரட்டைச் சொடுக்கிப் பார்த்தேன், நன்றாகத் திறந்தது. எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதில் பிரிவியூ என்ற தாவல். அங்கே இருந்தது விஷயம்: குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும் ஃபைலுக்கு மட்டும்தான் குட்டிப் படம் தயாரிக்கும், அந்த அளவை நாம் மாற்றலாம். என்னுடைய 26 எம்பி ஃபைல்கள் அந்த வரம்பைத் தாண்டியிருந்தன. வரம்பை உயர்த்திவிட்டு ஃபோல்டரை மறுபடி திறந்தேன். ஒவ்வொரு படமாக வர ஆரம்பித்தது. 5 ஜிபியை டிஸ்கிலிருந்து படித்தாக வேண்டும், அதனால் நேரம் எடுக்கும், காபி குடித்துவிட்டு வரலாம். ஒரு தடவை தயாரானால் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் கேஷில் சேமித்துக்கொள்ளும், அடுத்த முறை உடனே வந்துவிடும். ஆனால் அந்தக் கேஷ் ஃபைலின் முகவரியை வைத்துத்தான் படத்தை அடையாளம் காண்கிறது. ஃபைலின் பெயரையோ ஃபோல்டரின் பெயரையோ மாற்றினால் மறுபடி முதலிலிருந்து தயாரிக்கும். இது பிறகு எனக்கு இரண்டு தடவை நடந்தது, அதனால் சொல்கிறேன்: பெயரைத் தீர்மானித்துவிட்டுப் படம் பார்க்க உட்காருங்கள், என்னைப்போலத் தலைகீழாகச் செய்யாதீர்கள்.

சரி, இப்போது 192 குட்டிப் படம் திரையில். பழுப்பேறிய தாள், நீல எழுத்து. கண்ட்ரோலுடன் கூட்டல் குறி அடித்து அளவைப் பெரிதாக்கினேன். நீமோவில் 33 சதவீதத்திலிருந்து 400 வரை போகலாம். 400-இல் சில இடங்களில் தேதியே படிக்க வருகிறது, ஆனால் ஒரு திரைக்குக் கொஞ்சம் பக்கம்தான் அடங்குகிறது, தலைகீழாக இருக்கிறதா, விரல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க 150 போதும். மெதுவாக உருட்டிக்கொண்டே போனேன். தலைகீழ் இல்லை, விரல் இல்லை, மடிப்பு இல்லை. நல்லபடியாகத்தான் இருக்கிறது என்று எழுந்திருக்கப் போனவன், ஜன்னலின் ஓரத்தை இழுத்தேன், பக்கத்தில் டெர்மினலுக்கு இடம் விட வேண்டும் என்பதற்காக.

ஜன்னல் குறுகியதும் வரிசைக்கு ஒன்பதாக இருந்த படங்கள் எட்டாயின. அப்போதுதான் கண்ணில் பட்டது.

நோட்டைக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும்போது தையல் இருக்கும் பக்கம் முழுசாகப் படியாது, அங்கே ஒரு கருநிழல் விழும். ஒற்றைப்படைப் பக்கம் என்றால் தையல் இடது பக்கம், நிழலும் இடது. இரட்டைப்படை என்றால் வலது. இடது, வலது, இடது, வலது என்று மாறி மாறி வரும். வரிசைக்கு ஒன்பது படம் இருக்கும்போது ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசைக்கு எதிராகத் தொடங்கும், அதனால் மொத்தமாகப் பார்த்தால் சதுரங்கப் பலகை மாதிரி கலந்து தெரியும், கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. எட்டாக்கியதும் எல்லாம் நேராகிவிட்டது. முதல் நெடுக்கில் மேலிருந்து கீழ்வரை எல்லாம் இடது நிழல், இரண்டாம் நெடுக்கில் எல்லாம் வலது நிழல், இரண்டும் நடுவே வெளுத்த பட்டை விட்டு இரண்டு ஓரத்திலும் தூண் நட்ட மாதிரி. 192-ஐ எட்டால் வகுத்தால் 24 வரிசை. ஏழு வரிசைவரை தூண்கள் நேராக இறங்கின. எட்டாவது வரிசையில் தூண் இடம் மாறிவிட்டது.

எட்டாவது வரிசையின் முதல் படம் 57-ஆம் ஃபைல். இடது நிழல், சரி. அடுத்தது 58. அதுவும் இடது நிழல். திறந்து பார்த்தால் இரண்டும் ஒரே பக்கம். பக்கத்தைத் திருப்பாமலே இன்னொரு தடவை என்டர் அடித்திருக்கிறேன். அதற்கப்புறம் எல்லாம் ஒன்று தள்ளிவிட்டது, 59-ஆம் ஃபைலில் 58-ஆம் பக்கம். ஆனால் மொத்தம் 192 சரியாக வந்ததே? அப்படியென்றால் எங்கேயோ ஒரு பக்கம் விட்டுப்போயிருக்க வேண்டும். கீழே உருட்டினேன். பதினேழாவது வரிசையில் தூண்கள் மறுபடி பழைய இடத்துக்கு வந்துவிட்டன. அந்த வரிசையின் இரண்டாவது, மூன்றாவது படம், அதாவது 130, 131, இரண்டுமே இடது நிழல். 130-இல் இருப்பது 129-ஆம் பக்கம், 131-இல் இருப்பது 131-ஆம் பக்கம். நடுவில் 130-ஆம் பக்கம் இல்லவே இல்லை.

ஒன்று கூடி, ஒன்று குறைந்து, எண்ணிக்கை அப்படியே 192. எண்ணிக்கையை மட்டும் பார்த்து நோட்டைக் கட்டி வைத்திருந்தால் அந்தப் பக்கம் போயே போயிருக்கும். மூல நோட்டு கையில் இருக்கும்போதே இது தெரிந்ததற்கு அந்த எட்டுப் படம்தான் காரணம். எட்டுதான் வேண்டும் என்றில்லை, ஆறு, பத்து, எந்த இரட்டைப்படையும் ஆகும். ஒன்பது ஆகாது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: சேர்ந்தாற்போல இரண்டு பக்கம் விட்டுப்போனால், அதாவது ஒரு முழுத் தாள் ஒட்டிக்கொண்டு திரும்பியிருந்தால், நிழல் வரிசை மாறாது. அதற்குத் தாத்தாவின் தேதிகளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது, பார்த்தேன், இடைவெளி இல்லை.

எப்படி விட்டுப்போனது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. லிஸ்ட் வியூவுக்குப் போய், மாற்றப்பட்ட நேரம் என்ற நெடுக்கைப் பார்த்தேன். நேரம் மணி, நிமிஷத்தோடு நின்றது, நொடி தெரியவில்லை. பிரிஃபரன்ஸஸில் டிஸ்ப்ளே தாவலில் தேதி வடிவத்தை மாற்ற இடம் இருக்கிறது, ஐஎஸ்ஓ வடிவம் என்று வைத்தால் வருஷம், மாதம், நாள், மணி, நிமிஷம், நொடி எல்லாம் வரும். இப்போது பட்டியல் ஒரு நாட்குறிப்பு மாதிரி ஆகிவிட்டது. ஒரு பக்கத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே பொதுவாக 45 நொடி, சிலதற்கு ஒரு நிமிஷம். 57-க்கும் 58-க்கும் இடையே வெறும் 26 நொடி: ஸ்கேனர் ஓடி முடிக்கும் நேரம் மட்டும், பக்கம் திருப்பும் நேரம் அதில் இல்லை. 130-க்கும் 131-க்கும் இடையே 22 நிமிஷம். அது சிலிண்டர் வந்த நேரம். போய் வாங்கி வைத்து, காலி சிலிண்டரைக் கொடுத்து, சில்லறைக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தவன், தாளைத் திருப்பியாயிற்று என்ற நினைப்பில் பின்பக்கத்தை எடுக்காமல் எதிர்ப்பக்கத்தை எடுத்திருக்கிறேன்.

அதிலிருந்து ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டேன். ஒரு நோட்டு முடிந்ததும் லிஸ்ட் வியூவில் நேரத்தை மேலிருந்து கீழே ஒரு ஓட்டம் பார்ப்பது. பெரிய இடைவெளி எங்கே இருக்கிறதோ அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு பக்கத்தை நோட்டோடு ஒப்பிடுவது. தப்பு பெரும்பாலும் எழுந்து போய்வந்த இடத்தில்தான் இருக்கிறது.

லிஸ்ட் வியூவில் இருக்கும்போதே அளவு நெடுக்கின் தலைப்பைச் சொடுக்கினேன், பெரிதாக எதையும் எதிர்பார்த்து இல்லை. சுருக்காத டிஃப் என்பதால் பக்கத்தில் என்ன இருந்தாலும் அளவு ஒன்றுதான், வெற்றுத் தாளும் 26 எம்பி, நெருக்கி எழுதியதும் 26 எம்பி. அப்படித்தான் வரிசையாக 26.1, 26.1 என்று இறங்கியது. அடியில் ஐந்து ஃபைல் 8.7. மூன்றில் ஒரு பங்கு. பார்த்த உடனே தெரிந்துவிட்டது: புள்ளிக்கு மூன்று பைட் இல்லை, ஒன்றுதான். கலர் இல்லாமல் எடுத்திருக்கிறேன். 88 முதல் 92 வரை.

அது கரண்ட் போன இடம். லேப்டாப்பில் பேட்டரி இருந்தது, ஸ்கேனருக்கு இல்லை. வந்தபிறகு கட்டளையை மறுபடி அடிக்கும்போது 88-இலிருந்து தொடங்கு என்று சொல்லியிருக்கிறேன், கலர் என்று சொல்ல விட்டுப்போயிற்று, என் ஸ்கேனர் சொல்லாவிட்டால் சாம்பல் நிறத்தில்தான் எடுக்கும். ஐந்து பக்கம் போனதும் கவனித்து நிறுத்திக் கலரில் தொடர்ந்தேன், அந்த ஐந்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன், மறந்தேபோனேன். ஐகான் வியூவில் அவை தெரியாமல் இல்லை, ஆனால் என் கண் முழுக்க நிழலில் இருந்தது, பழுப்புத் தாளுக்கு நடுவே கொஞ்சம் வெளுத்த தாள் என்று தாண்டிவிட்டேன். அளவில் அடுக்கியபோது ஒளிய இடமே இல்லை. சாம்பல் நிறத்தில் எழுத்து படிக்க வரும், சிவப்புப் பென்சில் கோடு நீல மையோடு சேர்ந்து ஒரே கறுப்பாகிவிடும். எந்தக் கடன் தீர்ந்தது, எது தீரவில்லை என்பதே அந்தப் பக்கங்களில் போயிருக்கும். ஐந்தையும் மறுபடி எடுத்தேன், 130-ஆம் பக்கத்தையும் எடுத்தேன்.

பெயர் மாற்றுவதில் கொஞ்சம் கவனம் வேண்டியிருந்தது. கூடுதலாக இருந்த 58-ஐக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பினேன். இனி 59 முதல் 130 வரை 72 ஃபைலும் ஒவ்வொரு எண் கீழே இறங்க வேண்டும். இதை 59-இலிருந்து ஏறுவரிசையில் செய்ய வேண்டும்: 59 காலியான 58-க்குப் போகும், 60 காலியான 59-க்குப் போகும். 130-இலிருந்து தொடங்கினால் அது இருக்கிற 129-இன் மேல் விழுந்து அதை அழித்துவிடும். டெர்மினலில் சின்ன லூப் ஒன்று எழுதிச் செய்தேன், அதற்கு முன்னால் ஃபோல்டரை அப்படியே ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டேன். காலியான 130-இல் புதுப் பக்கம் உட்கார்ந்தது. அப்புறம் மூன்று இலக்கமாக்குவது. இங்கே நீமோவின் எண் வரிசை உதவியது: முதல் ஒன்பது ஃபைலும் அடுத்தடுத்து இருப்பதால் ஷிஃப்டைப் பிடித்து மொத்தமாகத் தேர்ந்தெடுத்து எஃப்2 அடித்தால், பெயர்களைக் கூட்டாக மாற்றும் பல்க்கி என்ற நிரல் திறக்கும், அதில் எண்ணுக்கு முன்னால் இரண்டு பூஜ்யம். அடுத்து 10 முதல் 99 வரை ஒரு பூஜ்யம். நான்காம் நோட்டிலிருந்து ஸ்கேன்இமேஜிடமே மூன்று இலக்கம் என்று சொல்லிவிட்டேன், இந்த வேலையே இல்லை.

மாற்றியது சரியா என்று பார்க்கக் காம்பாக்ட் வியூ. படம் வேண்டாம், தேதி வேண்டாம், பெயர்கள் மட்டும் நெடுக்கு நெடுக்காக, மேலிருந்து கீழே ஓடி அடுத்த நெடுக்குக்குப் போகும். எழுத்தைச் சிறிதாக்கினால் 192 பெயரும் ஏறக்குறைய ஒரே திரையில் அடங்கிவிடுகின்றன. எல்லாப் பெயரும் ஒரே நீளம் ஆனதால் ஒரு பூஜ்யம் குறைந்திருந்தால்கூட விளிம்பில் பல் விழுந்த மாதிரி தெரியும். ஒன்று தெரிந்தது: 042-க்கு 0042 என்று ஆகியிருந்தது. ஐகான் வியூவில் நீளமான தமிழ்ப் பெயர்கள் படத்தின் கீழே இரண்டு மூன்று வரியாக மடிந்து நிற்கும், அங்கே இதைப் பிடித்திருக்க மாட்டேன்.

இனி ஜேபெக் ஃபோல்டர். பழையதை அழித்துவிட்டு, திருத்திய டிஃப்களிலிருந்து மறுபடி நகல் எடுத்தேன். மாமாவுக்குப் போகும் பிடிஎஃப் சிறிதாக இருக்கட்டும் என்று வெற்றுப் பக்கங்களை எடுத்துவிட நினைத்தேன். தாத்தா சில மாதக் கணக்குக்கு நடுவே ஒரு பக்கம் சும்மா விட்டிருப்பார். ஜேபெக்கில் அளவு சமமாக இருக்காது, எழுத்து நிறைய இருந்தால் பெரிசு, தாள் வெறுமையாக இருந்தால் சிறிசு. நெருக்கி எழுதிய பக்கம் 1.8 எம்பிக்கு மேல் வந்தது, வெறுந்தாள் 700 கேபிக்குப் பக்கம். வெறுந்தாளாவது கொஞ்சம் குறைவாக வருமே என்று தோன்றலாம், ஆனால் பழைய தாளின் சொரசொரப்பும் கறையும் இடம் பிடிக்கின்றன.

ஐகான் வியூவிலும் அளவுப்படி அடுக்கலாம் என்பதை அன்றுதான் பார்த்தேன், வியூ மெனுவில் அடுக்கும் முறை என்ற இடத்தில் இருக்கிறது. படமும் தெரியும், வரிசை அளவுப்படியும் இருக்கும். ஒரு முனையில் எழுத்து மொய்த்த பக்கங்கள், போகப் போக எழுத்து குறைந்து, கடைசியில் ஒன்பது வெறும் தாள். ஒன்பதையும் தேர்ந்தெடுத்து டெலீட்மேல் விரலை வைத்துவிட்டேன். எதற்கும் ஒரு தடவை என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

எட்டு வெறுந்தாள்தான். ஒன்பதாவதில், பக்கம் 187, மேலே இடது மூலையில், பென்சிலால், ரொம்ப மங்கலாக ஒரே ஒரு வரி. விகாரி, ஆவணி 12, வெள்ளி, விடியற்காலை, பெண். அவ்வளவுதான். கணக்கு இல்லை, ரூபாய் இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “அப்பா எழுத்துதாய்யா” என்றாள். அப்புறம், “இத பெருசாக்கிக் காட்டு” என்றாள்.

விகாரி என்றால் 1959. அம்மா பிறந்த வருஷம். பள்ளிச் சான்றிதழில் வேறு தேதி இருக்கிறது, அந்தக் காலத்தில் பலருக்கும் அப்படித்தான். அந்தக் குட்டிப் படத்தில் அது வெறும் தாள், அளவுப் பட்டியலிலும் அது வெறும் தாள். அன்றிலிருந்து காலிப் பக்கம் என்று நான் எதையும் எடுப்பதில்லை. மாமாவுக்கு 192 பக்கமும் போயின.

காட்சிகளை ஃபோல்டருக்கு ஒன்றாக நிறுத்தி வைத்திருக்கிறேன். நீமோ ஒவ்வொரு ஃபோல்டரையும் கடைசியாக எப்படிப் பார்த்தோம் என்று நினைவில் வைத்துக்கொள்கிறது: டிஃப் ஃபோல்டர் திறந்தால் ஐகான், ஜேபெக் திறந்தால் லிஸ்ட். எஃப்3 அடித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடது பாதியில் படம், வலது பாதியில் பட்டியல், ஒப்பிட வசதி. சிலருக்கு எல்லா ஃபோல்டரும் ஒரே மாதிரி இருந்தால்தான் பிடிக்கும், அவர்களுக்கும் ஃபோல்டர்வாரி நினைவைப் புறக்கணிக்கச் சொல்லும் அமைப்பு பிரிஃபரன்ஸஸில் வியூஸ் தாவலில் இருக்கிறது. எனக்கு அது வேண்டாம்.

ஆனால் அந்த நினைவு என் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கிறது, எக்ஸ்டர்னல் டிஸ்கில் இல்லை. டிஸ்கை மாமா வீட்டுக்கு அனுப்பி அவர் கம்ப்யூட்டரில் திறந்தபோது எல்லாம் அவருடைய வழக்கமான பட்டியலாகத்தான் வந்தது. மேக்கில் இருக்கும் ஃபைண்டர் காட்சி விவரங்களை அந்தந்த ஃபோல்டருக்குள்ளேயே மறைவான ஃபைலாக எழுதிவைக்கும், அது டிஸ்கோடு கூடப் போகும். இரண்டு முறைக்கும் நியாயம் இருக்கிறது, என் டிஸ்கில் நான் போடாத ஃபைல் எதுவும் சேராமல் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மாமாவிடம் போனில் சொன்னேன்: ஐகானாக மாற்றுங்கள், ஜன்னலை இழுத்து வரிசைக்கு எட்டாக வையுங்கள், நிழல் தூண் நேராக இறங்குகிறதா பாருங்கள். நான்காம் நோட்டை அவரும் ஒரு தடவை அப்படிப் பார்த்து முடித்துவிட்டார், அதில் தப்பு எதுவும் இல்லை.

ஐந்தாம் நோட்டில்தான் இப்போது நிற்கிறேன். கரையான் தொட்டது அதைத்தான். தையல் விட்டு 96 தாளும் தனித்தனியாகக் கிடக்கின்றன, எது முன் எது பின் என்றே தெரியவில்லை. தனித்தாள் கண்ணாடியில் தட்டையாகப் படிந்துவிடும், நிழலே கிடையாது, வரிசைக்கு எட்டு என்ற வித்தை இங்கே செல்லாது. தாத்தா எழுதிய தேதியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் தமிழ் மாதத்தில் எழுதியிருக்கிறார், அந்த மாதப் பெயரையே ஃபைல் பெயரில் வைத்தால் அகரவரிசையில் ஆடி முதலில் வந்து, சித்திரை ஆறாவதாகி, வைகாசி கடைசிக்குப் போய்விடும். அதனால் சித்திரைக்கு 01, பங்குனிக்கு 12 என்று எண் கொடுத்து, முதலில் வருஷம், பிறகு மாதம், பிறகு நாள், கடைசியில் தாளின் முன்பக்கத்துக்கு அ, பின்பக்கத்துக்கு ஆ. 400 சதவீதத்தில் ஐகான் வியூ, மூலையில் இருக்கும் தேதியைப் படிக்கிறேன், எஃப்2, பெயர், அடுத்தது. பெயர் மாறியதும் அந்தத் தாள் தானாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

81 தாளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. மீதி 15-இல் மூலை அரித்துப்போய்த் தேதி இல்லை. அவற்றைக் கடைசியில் நிற்கும்படி பெயரிட்டு வைத்திருக்கிறேன். சாயங்காலம் அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தாளிலும் இருக்கும் கூலிக்காரர் பெயரைப் படித்து, அவர் எந்த வருஷம் நம் வயலுக்கு வந்தார், எந்த வருஷம் நின்றார் என்று சொல்கிறாள், நான் எழுதிக்கொள்கிறேன்.